ஏஇசட் லைசென்ஸ் கையில் வந்த பிறகு: றக் கொம்பனி ரெயினிங்கில் நான் பட்டது

ஏஇசட், அதாவது றெயிலர் இழுக்கிற பெரிய றக் ஓடுவதற்கான ஒன்ராறியோ லைசென்ஸ், எடுத்த கையோடு எனக்கு அழைப்பெடுத்து, "அண்ணை, இனி எந்தக் கொம்பனிக்குப் போறது?" என்று கேட்கிற தம்பிமார் இப்போது கூடிவிட்டார்கள். ஒவ்வொருவரோடும் தனித்தனியே கதைத்து எனக்குத் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். பல வருடம் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு றக் ஓட வந்தவன். லைசென்ஸ் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. லைசென்ஸ் கிடைத்ததற்கும், தனியாக முதல் லோட் எடுத்துக்கொண்டு போவதற்கும் நடுவில் கொம்பனி தருகிற ரெயினிங் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் உங்களை மாணவனாக நடத்துவதா, சாரதியாக நடத்துவதா என்பதைக் கொம்பனி தன் வசதிப்படி நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொள்ளும். சம்பளம் என்று வந்தால் மாணவன். லோட் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்றால் சாரதி. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஏறினால் பாதித் தலையிடி இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் 2017 யூலை 1 முதல் ஏ வகுப்பு லைசென்ஸுக்கு மெல்ற் என்கிற பயிற்சி கட்டாயம். ஆகக் குறைந்தது 103.5 மணித்தியாலம். எனக்கு எட்டாயிரம் டொலருக்குக் கிட்ட முடிந்தது. கையிலிருந்தது கொஞ்சம், வங்கிக் கடன் மிச்சம். பள்ளிக்கூடம் கெட்டது என்று சொல்லமாட்டேன். சோதனை எடுக்கிற வீதிகளில் எந்தச் சந்திக்கு முன்னால் கண்ணாடி பார்க்கவேண்டும் என்பது வரைக்கும் பாடமாக்கிவிடுவார்கள். ஆனால் நான் அங்கே இழுத்ததெல்லாம் வெறும் றெயிலர். இரவில் ஓடவில்லை, பனியில் ஓடவில்லை, பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது பிறேக் எப்படி வேலை செய்யும் என்பது தெரியாது. ஆகையால் கொம்பனி ரெயினிங் உண்மையாகவே வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை, நாளைக்கே றக் தாறம்" என்கிற கொம்பனியைக் கண்டால் நான் முதலில் பயப்படுவேன்.

வேலை தேடத் தொடங்கியதும் முட்டுகிற முதல் சுவர் காப்புறுதி. விளம்பரங்களில் பாதிக்கு மேல் "இரண்டு வருட அனுபவம்" என்று இருக்கும். கொம்பனிக்கு உங்களில் கோபமில்லை. புதியவர்களை றக்கில் ஏற்றினால் காப்புறுதிக்காரர் சம்மதிப்பதில்லை, அல்லது கட்டணத்தைக் கூட்டிவிடுவார்கள். அதனால் புது ஆட்களை எடுக்கிற கொம்பனிகள் குறைவு. குறைவு என்பது அவர்களுக்கும் தெரியும். பிறகு நடப்பதெல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

நான் அழைத்த இடங்களில் சிலர் என் பெயரைக் கேட்க முன்னமே, "உங்கட கோர்ப்பரேஷன் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. தெரிந்த அண்ணை ஒருவரிடம் கேட்டேன். "இஞ்ச எல்லாரும் இன்கோர்ப்பரேட் பண்ணித்தான் ஓடுறாங்கள் தம்பி. கழிவில்லாமல் முழுக்காசும் கையில வரும், நீயும் பண்ணு" என்றார். கேட்க நல்லாகத்தான் இருந்தது. பிறகு வரிக் கணக்குப் பார்க்கிற தங்கச்சி ஒருத்தி உட்கார்த்தி வைத்து விளங்கப்படுத்தினாள். றக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, எப்போது போகவேண்டும் என்று சொல்வதும் அவர்கள். அப்படியிருக்க உங்கள் பெயரில் ஒரு கொம்பனியைப் பதிந்து வைத்தால் மட்டும் நீங்கள் முதலாளி ஆகிவிடமாட்டீர்கள். வருமானவரித் திணைக்களம் அதை ஒரே முதலாளிக்கு ஆளை மட்டும் அனுப்புகிற சேவைத் தொழில் என்று பிடித்தால், சிறு வணிகச் சலுகை கிடையாது. ஒன்ராறியோவில் மத்திய, மாகாண வரி சேர்த்து 44.5 வீதம். விடுமுறைச் சம்பளம் இல்லை. வேலையில்லாக் காப்புறுதி இல்லை. றெயிலரிலிருந்து இறங்கும்போது கால் முறிந்தால் அதற்கும் ஒன்றும் இல்லை. இதற்கு இங்கே டிரைவர் இங்க், அதாவது சாரதிக் கொம்பனி, என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாகாண எல்லை தாண்டி ஓடுகிற கொம்பனிகளுக்கு மத்திய அரசின் தொழிற்சட்டம் பொருந்தும். ஊழியரை ஊழியர் இல்லை என்று காட்டுவதை அந்தச் சட்டம் 2021 தொடக்கம் வெளிப்படையாகத் தடுக்கிறது. இல்லை என்று நிரூபிக்கவேண்டியதும் முதலாளிதான். நான் சம்பளப் பட்டியலில் போட்டு ரி4 என்கிற வருடாந்தச் சம்பளப் பத்திரம் தருகிற இடத்துக்குத்தான் வருவேன் என்று நின்றேன். சிலர் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் மிசிசாகாப் பக்கம் ஒரு கொம்பனி சரி என்றது. பெயர் வேண்டாம். அவர்களைவிட மோசமான இடங்களும் இருக்கின்றன.

முதலில் ஒறியென்ரேஷன், புது ஆட்களுக்கான அறிமுக வாரம். யன்னல் இல்லாத அறை, பழைய வீடியோக்கள், வேலை நேரச் சட்டம், ஆபத்தான பொருள் ஏற்றும் சான்றிதழ், பிறகு யாட்டில், அதாவது றக்குகள் நிற்கிற கொம்பனி வளவில், றோட் ரெஸ்ற். அமெரிக்கா ஓடுவதென்றால் போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை நிச்சயம். கஞ்சா கனடாவில் 2018 ஒக்ரோபரிலிருந்து சட்டப்படி சரிதானே என்று நினைத்துக்கொண்டு வந்த பொடியன் ஒருவன் எங்களோடு இருந்தான், மற்றநாள் வரவில்லை. அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது என்று சொன்னார்கள். உண்மையில் முதலாளி கட்டாயப்படுத்துகிற பயிற்சி, சட்டப்படி வேலை நேரம்தான். எனக்கு அது அப்போது தெரியாது. அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. கடைசி நாள் பின்னேரம், எல்லாரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நிற்கும்போது, ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். ஒரு வருடத்துக்குள் விட்டுப்போனால் பயிற்சிச் செலவு 3,500 டொலர் திருப்பிக் கட்டவேண்டும். சேதம் ஏதும் நடந்தால் சம்பளத்தில் கழிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்றேன். இண்டைக்குக் கையெழுத்து வைத்தால்தான் ரெயினர் தரலாம் என்றார்கள். பிரதி கேட்டேன், பிறகு மின்னஞ்சலில் வரும் என்றார்கள். மேசையில் வைத்தே ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். அலுவலகப் பிள்ளை முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். அந்த மின்னஞ்சல் இன்றுவரை வரவில்லை, படங்கள்தான் பிறகு உதவின. நீங்களும் கையெழுத்து வைக்கிற எதையும் படமெடுக்காமல் கையைத் தூக்காதீர்கள்.

என் முதல் ரெயினர் மேற்குப் பக்கம் ஓடுகிறவர், ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக், சிலவேளை கல்கரி. இரவு ஒரு மணிக்கு யாட்டில் ஏறினேன். என்ன கற்றுத்தருவார், எங்கே படுப்பேன், எங்கே நிற்போம் ஒன்றும் தெரியாது. மேல் படுக்கை எனக்கு, கீழ்ப் படுக்கை அவருக்கு. முன்பின் தெரியாத ஆளோடு ஒரு சின்னக் குளியலறை அளவு இடத்தில் கிழமைக்கணக்கில் சீவிப்பது என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அவருடைய சப்பாத்து மணம், என்னுடைய குறட்டை, அவர் இரவு முழுக்கச் சத்தமாகப் போனில் கதைப்பது. அதைவிட, ஓடுகிற றக்கில் நித்திரை கொள்ளப் பழகுவது பெரிய பாடு. ஒவ்வொரு பிறேக்குக்கும் உடம்பு தானாக எழும்பும். முதல் கிழமை நான் நித்திரை கொண்டேன் என்று சொல்லமுடியாது, கண் மூடிக்கொண்டு கிடந்தேன்.

சட்பரி தாண்டும் வரைக்கும் முன் இருக்கையில் இருந்து நல்லாகத்தான் சொல்லித்தந்தார். சூ செயின்ற் மரீக்குக் கிட்டப் போனதும், "நீ நல்லா ஓடுகிறாய், நான் படுக்கிறேன்" என்று பின்னால் போய்த் திரையை இழுத்துவிட்டார். வாவாவுக்கும் மரத்தனுக்கும் இடையில் 17ஆம் நெடுஞ்சாலையை மாரியில் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு பாதைதான், நடுவில் தடுப்பு இல்லை, ஏற்றமும் இறக்கமும், காட்டுக்குள்ளிருந்து மூஸ் என்கிற பெரிய மான் எப்போது குறுக்கே வரும் என்று தெரியாது. எதிரே வருகிற றக் எழுப்பிவிடுகிற பனித்தூளில் சில விநாடி ஒன்றுமே தெரியாது. லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகாதவன், பின்னால் முழுப்பாரம், சொல்லித்தரவேண்டியவர் திரைக்குப் பின்னால் நித்திரை. ஸ்ரியறிங்கைப் பிடித்த பிடியில் விடியும்போது விரல்கள் விரியவில்லை. பயந்தேன். பயத்தைவிடக் கோபம் கூட வந்தது, ஆரில் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அது ஏன் என்பது பிறகு விளங்கியது. ரெயினருக்குச் சம்பளம் மைல் கணக்கில். மாணவன் ஓடுகிற மைலும் அவருடைய கணக்கில்தான் ஏறும். கனடாச் சட்டத்தில் ஒரு சாரதி ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓடமுடியாது. இரண்டு பேர் மாறி மாறி ஓடினால் றக் நிற்காமல் போகும், கொம்பனிக்கு இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடியும். அதாவது உங்களை ரீம் ஓட்டத்தில் பாதியாகப் போட்டுவிட்டு, சம்பளம் மட்டும் மாணவனுக்குரியதாக வைத்துக்கொள்வார்கள். சேர முன்னமே கேளுங்கள்: நான் ஓடும்போது ரெயினர் முன் இருக்கையில் இருப்பாரா, எத்தனை நாளுக்கு? ரீம் ஓட்டத்தில் போடுவீர்களா? போட்டால் சம்பளம் எப்படி? பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரே சொல்லுகிற பதில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

தண்டர் பேயில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய நேரம் முடிந்துவிட்டது. எனக்கு மிச்சம் இருந்தது, ஆனால் நான் களைத்துப் போயிருந்தேன், ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரி, உன்னுடைய ஐடியில் ஈஎல்டியைத் திற, நான் ஓடுகிறேன் என்றார், ஏதோ பேனை இரவல் கேட்பதுபோல. ஈஎல்டி என்பது றக் அசைகிற நேரத்தையெல்லாம் தானாகப் பதிகிற கருவி. கனடாவில் 2023 தொடக்கத்திலிருந்து முழு அமுலில் இருக்கிறது. என் பெயரில் அவர் ஓடினால் பதிவு பொய்ப் பதிவு. வழியில் பரிசோதனையில் பிடிபட்டால் 72 மணித்தியாலம் வீதியில் இறங்கமுடியாது, விபத்து நடந்தால் ஓடினவன் நான் என்றுதான் பதிவு சொல்லும். முடியாது என்றேன். வினிப்பெக் போய்ச் சேரும் மட்டும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கெனோராவில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன், வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவே இல்லை. அன்றிரவே கொம்பனியின் பாதுகாப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினேன்: திகதி, இடம், கேட்டது, நான் சொன்னது, அவ்வளவுதான். குற்றச்சாட்டு எதுவும் எழுதவில்லை, வேறு ரெயினர் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். தந்தார்கள். ரெயினரை மாற்றிக் கேட்டால் வேலை போய்விடும் என்று எல்லாரும் வெருட்டினார்கள். ஆளெடுத்துச் சோதனை எல்லாம் செய்து காசைக் கொட்டிய கொம்பனி அவ்வளவு லேசில் உங்களை விடாது.

இரண்டாவது ரெயினர் பிரம்டனில் இருந்து வருகிற ஒரு பஞ்சாபி ஐயா. அறுபதுக்குக் கிட்ட வயது. ஒகையோ, மிச்சிகன் பக்கம் ஓடுவார். முதல் நாளே றக்கில் ஏறவிடவில்லை. கையில் ஒரு ரோர்ச்சைத் தந்து, றெயிலரைக் கொழுவிய பிறகு கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். கிளிக் என்று சத்தம் கேட்டது, இழுத்தும் பார்த்தோம், அசையவில்லை, பிறகென்ன என்று நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்துக் குனியவைத்தார். முதுகெல்லாம் கிறீஸ் ஒட்டியது. வெளிச்சத்தை உள்ளே பிடித்தால், கிங்பின்னுக்கு, அதாவது றெயிலரின் அடியில் இருக்கிற முளைக்கு, பின்னால் றக்கின் கொக்கி முழுதாக மூடியிருக்கவேண்டும், றக்கின் தட்டுக்கும் றெயிலருக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது, திறக்கிற கைபிடி முழுதாக உள்ளே போயிருக்கவேண்டும். மூன்றையும் வாயால் சொல்லச் சொன்னார். சத்தத்தை நம்பாதே, இழுவையை மட்டும் நம்பாதே, கண்ணால் பார் என்பதுதான் அவருடைய ஆங்கிலத்தில் இருந்த ஒரே நீண்ட வசனம். கிங்பின் கொக்கிக்கு மேலால் ஏறி நின்றுகொண்டு பிடித்ததுபோலக் காட்டும் என்பதை அவர் பல முறை கண்டிருக்கிறார். சந்தியில் திரும்பும்போது றெயிலர் கழன்று விழுவதெல்லாம் அப்படித்தான். நான் இன்றைக்கும் மழையென்றாலும் குனிந்து பார்க்காமல் எடுப்பதில்லை.

பின்னுக்கு விடுவதுதான் எல்லாருடைய பயமும். ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பினால் றெயிலரின் பின்புறம் இடப்பக்கம் போகும். ஊரில் லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். கணக்குத் தெரிந்தும் 53 அடி நீளத்தை இரண்டு றெயிலருக்கு நடுவில், பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்களுக்கு முன்னால் விடும்போது கை ஓடாது. அந்த ஐயா சொல்லித்தந்தது, பின்னுக்கு விடுவதற்கு முன்னால் றக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறாய் என்பதுதான் முக்கால்வாசி வேலை. டொக்கை, அதாவது சரக்கு ஏற்றி இறக்குகிற மேடையைத், தாண்டி எவ்வளவு முன்னே போகவேண்டும், எப்போது மூக்கைத் திருப்பவேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நடந்து காட்டினார். சாரதிப் பக்கமாகத்தான் விடு, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தால் விடுகிற நிலைமை வந்தால் சுற்றிக்கொண்டு வா. சந்தேகம் வந்தால் கைப்பிறேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் பார். பின்னால் வருகிறவன் ஹோர்ண் அடித்தால் அடிக்கட்டும். ஒருமுறை ரொலீடோவில் ஒரு குளிர் களஞ்சியத்தில் முக்கால் மணித்தியாலம் எடுத்தேன், வியர்த்துக் கொட்டியது. அவர் வெளியே நின்று ஒரு கையால் பறாத்தாவைச் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார், ஒருமுறைகூடச் சலிக்கவில்லை. முதல் ரெயினரோடு நான் டொக்கில் பின்னுக்கு விட்டதே இல்லை, நேரம் போகிறது என்று அவரே எடுத்துவிடுவார். அதனால் சொல்கிறேன்: பயிற்சி முடியும்போது எத்தனை கிலோமீற்றர் ஓடினாய் என்று பார்க்கவேண்டாம், எத்தனை தரம் பின்னுக்கு விட்டாய் என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் நேரே போக ஒரு கிழமை போதும்.

அமெரிக்கா ஓடுவதென்றால் இன்னும் சில இருக்கிறது. மொத்த நிறை 80,000 இறாத்தல், முன் அச்சில் 12,000, இரட்டை அச்சுத் தொகுதி ஒவ்வொன்றிலும் 34,000. றெயிலரின் பின் சில்லுகளை முன்னே பின்னே நகர்த்தி இந்தக் கணக்கைச் சரிப்படுத்தக் கற்றுத்தரச் சொல்லி வற்புறுத்துங்கள், பள்ளிக்கூடத்தில் இது பெயருக்குத்தான். அங்கே 11 மணித்தியாலம்தான் ஓடலாம், 8 மணித்தியாலம் ஓடியதும் அரை மணித்தியாலம் நிற்கவேண்டும். கனடா நேரக் கணக்கோடு குழப்பாதீர்கள். எல்லைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே சரக்கு விபரம் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போயிருக்கவேண்டும். லோட் ஒதுக்குகிற டிஸ்பாட்சர் அனுப்பிவிட்டேன் என்று சொல்வதை நம்பி விண்ட்சர் பாலத்தில் ஏறாமல், ஏற்றுக்கொண்ட பதில் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். 2025 யூன் மாதத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் சொல்லமுடியாத சாரதிகளை அங்கே வீதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஆட்களில் சிலருக்கு இது பெரிய விசயம். அதிகாரி கேட்கிற வழக்கமான கேள்விகளையும் வீதிப் பலகைகளையும் பழகாமல் போகவேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவிடத்தில் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பனி உங்களை 17ஆம் நெடுஞ்சாலைக்குத்தான் அனுப்பும். அதையும் சேரும்போதே கதைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காசு. பயிற்சிக் காலத்தில் எனக்கு நாளொன்றுக்கு 130 டொலர். மாரியில் ஒன்றரை மாதத்துக்கு மேல் அப்படிப் போனது. ஓடுவது, ஏற்றுவது, இறக்குவது, பரிசோதிப்பது எல்லாம் சேர்த்து நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம். மணித்தியாலத்துக்குப் பத்து டொலர் வருகிறது. அப்போது மத்திய அரசின் அடிப்படைச் சம்பளம் 17.30. தொழிற்சாலையில் நான் இதைவிட இரண்டு மடங்கு உழைத்துக்கொண்டிருந்தேன். மனுசி ஒருநாள் போனில், "உங்களுக்கு என்ன, றோட்டில சந்தோசமா போறியள், இஞ்ச வீட்டு வாடகைக்கு நான் ஆரிட்டக் கேக்கிறது?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. பயிற்சிக் காலத்துக்கு வீட்டுச் செலவு இரண்டு, மூன்று மாதத்துக்குக் கையில் இல்லாமல் இறங்கவேண்டாம். காசு முடைதான் ஆட்களைக் கண்ட ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கவைக்கிறது.

பயிற்சிக் காலத்துக் கடைசிக் காசோலையில் 1,200 டொலர் கழித்திருந்தார்கள், றெயிலர் கதவுச் சேதம் என்று. அந்தக் கதவு முதல் ரெயினர் பின்னுக்கு விடும்போது தூணில் அடிபட்டது. நான் கீழே நின்று கை காட்டினேன், அவர் பார்க்கவில்லை. மத்திய தொழிற்சட்டத்தில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது: அந்தப் பொருளை உங்களைத் தவிர வேறு ஆராவது கையாளக்கூடியதாக இருந்தால், சேதத்துக்கு உங்கள் சம்பளத்தில் கழிக்கமுடியாது, நீங்கள் முன்கூட்டிக் கையெழுத்து வைத்திருந்தாலும். பயிற்சி றக்கில் எப்போதும் இரண்டு பேர்தானே. ஒப்பந்தப் படங்களையும் அன்றைய நாள் பரிசோதனை அறிக்கையையும் இணைத்து, அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதினேன். அடுத்த காசோலையில் சத்தமில்லாமல் திரும்ப வந்தது. அடிப்படைச் சம்பளத்துக்கும் குறைவாகத் தந்ததற்கும், ஒறியென்ரேஷன் வாரத்துக்கும் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டேன். அதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடவேண்டும் என்பதுதான் முக்கியம். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுகிற கொம்பனி என்றால் மாகாணச் சட்டம், அங்கே இரண்டு வருட அவகாசம். நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒறியென்ரேஷன் காசும், மிச்சத்தில் பாதியளவும் வந்தது. படுக்கையில் இருந்த நேரம் எது, வேலை செய்த நேரம் எது என்று கொம்பனி வழக்குப் பேசியது. நான் ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை எல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருந்தபடியால்தான் அந்தப் பாதியாவது வந்தது. வராத மற்றப் பாதி ஆயிரத்துக்கு மேல். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கொண்டுபோகிற சாமான்கள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். தலையில் கட்டுகிற விளக்கு, நீர் புகாத கையுறை இரண்டு சோடி, பனியில் வழுக்காத பிடிப்புள்ள சப்பாத்து, காதடைப்பான், உங்களுக்கென்று ஒரு தலையணை, பெரிய பை வேண்டாம், வைக்க இடமில்லை. பிட்டும் இடியப்பமும் மூன்றாம் நாளுக்கு மேல் நிற்காது. சோறும் கறியும் சின்னச் சின்னப் பெட்டிகளில் உறையவைத்துக் கொண்டுபோகலாம், றக்கில் மைக்றோவேவ் இருக்கிறதா என்று ரெயினரிடம் முதலே கேளுங்கள். பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவது கூடிக்கொண்டிருக்கிறது. பெண் ரெயினர் வேண்டும், அல்லது இரவில் தனி அறை வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தரமாட்டோம் என்றால் அந்தக் கொம்பனி வேண்டாம்.

ஒரு வருடம் முடியும் மட்டும் அங்கேயே ஓடினேன், அனுபவக் கடிதமும் சுத்தமான பதிவும் தேவைப்பட்டது, பிறகு மாறிவிட்டேன். பயிற்சி முடிந்து தனி றக் தரும்போது புது ஆளுக்குப் பழையதைத்தான் தருவார்கள், அது எங்கும் நடக்கிறது. திறப்பு கைக்கு வந்ததும் சந்தோசத்தில் ஏறிவிடாமல், நாலு பக்கமும், பத்து ரயரும், உள்ளே இருக்கை கிழிந்திருப்பது வரைக்கும் வீடியோ எடுத்து, ஓடத் தொடங்க முன்னரே டிஸ்பாட்சருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்குத் தந்ததில் இடப்பக்கக் கண்ணாடி ரேப் சுற்றி ஒட்டியிருந்தது. மாற்றித் தரும்வரை எடுக்கமாட்டேன் என்று யாட்டிலேயே இருந்தேன். பின்னேரம் நாலு மணிக்கு மாற்றித் தந்தார்கள்.